ஊர்க்காரம்மா

பதினேழாம் மாடியிலிருந்து பார்த்தால்
தஞ்சோங் பூங்காவின் கடல்
ஆறிப்போன தே தாரேக் நிறம்.
நீலம் என்றுதான்
வேலை உத்தரவோடு வந்த வழவழத் தாளில்
படம் போட்டிருந்தார்கள்.
வெயில் மட்டும் சொன்னபடி இருக்கிறது.

கீழே நீச்சல்குளத்து ஓரம்
பன்னிரண்டாம் மாடி வில்லெம்
முதுகைத் திருப்பித் திருப்பிக் காயவைக்கிறார்
வடகம் போல.
முன்பு ஸ்பெயின் கடற்கரையில்
பதினொரு வருடம் இருந்தாராம்.
அங்கே வாடகை ஏறியது,
மனைவி இறங்கிப் போனாள்.
"அந்தக் கடல் இதைவிட அழகு,
இந்தச் சாப்பாடு அதைவிட மலிவு."
இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு
மறுபடி குப்புறப் படுத்துக்கொள்வார்.
நான் குடையோடு நிற்பேன்.
பொள்ளாச்சியில் சும்மா கிடைத்த சாமானுக்கு
இவ்வளவு தூரம் வந்தா விலை கொடுப்பது?

என் கடவுச்சீட்டில் ஓர் ஒட்டுத்தாள்:
கணவரைச் சார்ந்தவள்.
வேலை செய்யக் கூடாது.
ஏழு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு
வேதியியல் நடத்திய கை
மின்தூக்கிப் பொத்தானை அழுத்துகிறது,
இறங்க, ஏற,
சில நாள் சும்மா இறங்கி ஏற.

இந்தக் கட்டிடத்தில்
யாரும் எதையும் புதிதாக வாங்குவதில்லை.
மாதத்துக்கு ஒரு குடும்பம் கிளம்பும்.
எங்கள் மேசை கொரியாக்காரர்களுடையது,
அடியில் மெழுகுப் பென்சிலில் ஒரு டைனோசர்.
அலமாரி திறந்தால் ஈரானியக் குங்குமப்பூ வாசம்.
மெத்தை யாருடையது என்று
நான் கேட்கவில்லை.

மாடிப்படி துடைக்கும் தெய்வானைதான்
முதல் வாரமே கேட்டாள்:
"பசியாறிட்டிங்களா?"
காலைப் பலகாரத்துக்கு இங்கே அதுதான் பேர்
என்று தெரியாமல்
உள்ளதைச் சொல்லிவிட்டேன்:
"எங்கீங்க ஆறுது?"
மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தாள்.
காவலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்:
"பதினேழுல ஊர்க்காரம்மா வந்திருக்காங்க!"

ஊர்க்காரம்மா.
எங்கள் பக்கம் அது
உள்ளூர்க்காரிக்கு உண்டான சொல்.
இங்கே, இந்தியாவிலிருந்து வந்தவள்.
அதாவது, இந்த ஊர் இல்லாதவள்.
என்றைக்கோ கப்பலேறிய சொல்
வழியில் எங்கோ
சட்டையை உள்வெளியாக மாட்டிக்கொண்டிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை
ஒட்டுத்தாள் முடியப்போகிறது,
குடிநுழைவு அலுவலகம் போகணும் என்றேன்.
"தண்ணி போத்தல் கொண்டு போங்க,
நாற்காலி பார்த்து உக்காருங்க,
ஏர்கோன் கீழ உக்காந்தா காய்ச்சல் வரும்."
இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க தெரியும்?
இடுப்புப் பையிலிருந்து அட்டையை எடுத்தாள்.
சிவப்பு.
குடிமக்களுக்கு அது நீலம் என்பது
வந்து இரண்டு வருடமான எனக்கே தெரியும்.
சுங்கைப்பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள்.
பிறப்பைப் பதிய
அன்றைக்கு யாரும் சைக்கிள் மிதிக்கவில்லை.
ஐந்து மனு. ஐம்பத்தெட்டு வயது.
"ஊர்ல எல்லாருக்கும் ஒரே கலருங்களாம்மா?"
ரேஷன் அட்டைகள் ஞாபகம் வந்தன.
சொல்லவில்லை.

இன்று மின்தூக்கியில் ஒரு தாள்.
வில்லெம் கிளம்புகிறார்,
கம்போடியா இன்னும் மலிவாம்.
வெயில்காயும் நாற்காலி, நாற்பது வெள்ளி.
தெய்வானைக்காகப் பேரம் பேசினேன்.
இருபத்தைந்துக்குப் படிந்தது.
ஏனுங்க, நீங்களும் வெயில் காயப் போறீங்களா?
"நானா? மொளகா!"

அவள் வீட்டு அடுக்ககம்
சாலை தாண்டி, சந்தை தாண்டி, மேட்டில்.
உச்சி வெயில்.
ஒரு முனையை அவள் தூக்கினாள்,
ஒரு முனையை நான்.
குடை பிடிக்கக் கை இல்லை.